ஃபாதரா, ஐயரா, பாஸ்டரா? எந்த சர்ச்சுல யார எப்படிக் கூப்பிடணும்

நம்ம ஊர்ல ஒரே ரோட்டுல ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) கோயில் ஒண்ணு, சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) கோயில் ஒண்ணு, பக்கத்து சந்துல மாடி மேல ஒரு பெந்தெகொஸ்தே சபைன்னு மூணும் இருக்கும், சொந்தக்காரங்களும் கல்யாணம் கட்டி மூணுலயும் பிரிஞ்சு போயிருப்பாங்க. அதனால ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு ஏதோ ஒரு விசேஷத்துக்கு வேற சபை கோயிலுக்குப் போய் நிக்கும்போது அங்க இருக்கிற குருவ என்னன்னு கூப்பிடுறதுன்னு தெரியாம நெறைய பேரு கையக் கும்பிட்டுட்டு வாயே தெறக்காம நகந்துடுறாங்க. சில பேரு எல்லாரையும் ஃபாதர்ங்கிறாங்க, சில பேரு எல்லாரையும் பாஸ்டர்ங்கிறாங்க. அதுக்காகத்தான் தமிழ்நாட்டு வழக்கத்த வச்சு இத எழுதுறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. எந்தக் கோயிலுக்குப் போறீங்களோ அந்தக் கோயில் ஜனங்க அவங்க குருவ எப்படிக் கூப்பிடுறாங்களோ அப்படியே நீங்களும் கூப்பிடுங்க. உங்க சபை வார்த்தைய அங்க கொண்டுபோய்த் திணிக்காதீங்க. தெரியலன்னா கேளுங்க, கேக்குறதுல ஒரு குறைவும் இல்ல. கேக்குறதுக்கு சரியான ஆளு கோயிலப் பாத்துக்கிற கோயில்பிள்ளை, இல்லன்னா குருவுக்கு ஒத்தாசையா இருக்கிற உபதேசியார். "அண்ணே, இங்க ஐயாவ எப்படிக் கூப்பிடுவீங்க?"ன்னு வாசல்லயே கேட்டுட்டா ரெண்டு நிமிஷ வேலை, அவங்களே பேரு, எந்த ஊர்லேர்ந்து மாறி வந்திருக்காரு எல்லாம் சொல்லிடுவாங்க.

ஆர்சி கோயில்ல

இங்க அடிப்படை சுலபம். குருப்பட்டம் வாங்கின எல்லாரும் ஃபாதர். பங்குத்தந்தை, உதவிப் பங்குத்தந்தை, ஸ்கூல் கரஸ்பாண்டன்ட், காலேஜ் பிரின்சிபால், யாரா இருந்தாலும் ஃபாதர்தான். காலேஜ்ல மத்த எல்லாரையும் சார்னு கூப்பிட்டுப் பழகினதால பிரின்சிபால் ஃபாதரையும் சார்னு கூப்பிடுற பசங்க இருக்காங்க, அங்கயும் ஃபாதர்னே சொல்லணும், அவருக்கு அந்தப் பதவி நாலஞ்சு வருஷம்தான், குருத்துவம் சாகுற வரைக்கும்.

கிராமத்துல, அதுவும் கடற்கரைப் பக்கம், பெரியவங்க "சாமி"ன்னுதான் சொல்லுவாங்க. பங்குத்தந்தை பெரிய சாமி, உதவிப் பங்குத்தந்தை சின்ன சாமி. டவுன்ல படிச்சுட்டு வர்ற பிள்ளைங்க சில பேரு பாட்டி சாமின்னு சொல்றதக் கேட்டு கூச்சப்பட்டு "ஃபாதர்னு சொல்லு பாட்டி"ன்னு திருத்துறாங்க, தயவுசெஞ்சு அதச் செய்யாதீங்க. 1606ல மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, நம்ம ஆளுங்க தத்துவ போதகர்னு சொல்றாங்களே அவரு, காவி கட்டி மாமிசம் விட்டு சந்நியாசி மாதிரியே வாழ்ந்தாரு, அவருக்குப் பின்னாடி ஓரியூர்ல 1693ல ரத்தம் சிந்தின அருளானந்தர், அப்புறம் வீரமாமுனிவர்னு வரிசையா வந்த இயேசு சபை குருக்கள் எல்லாரையும் ஜனங்க துறவியக் கூப்பிடுற மரியாதையோட சாமின்னுதான் கூப்பிட்டாங்க. பாட்டி வாயில இருக்கிறது அந்த நானூறு வருஷத்துப் பழக்கம். கேக்குற எந்த ஃபாதரும் அதுல முகம் சுளிச்சு நான் பாத்ததில்ல.

கும்பிடும்போது "தோத்திரம் சாமி"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அவரு நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் குடுப்பாரு. "இயேசுவுக்கே புகழ்"னு அவரே முதல்ல சொன்னா "மரியே வாழ்க"ன்னு பதில் சொல்லணும். இது ரெண்டும் பழக்கமில்லன்னா "வணக்கம் ஃபாதர்" போதும், அது எந்த ஊர்லயும் செல்லும். இந்து நண்பர்களும் முஸ்லிம் நண்பர்களும் இதையே சொல்லலாம், வேளாங்கண்ணியில தெனமும் ஆயிரம் பேரு சொல்றதுதான்.

புதுக்குரு விஷயம் ஒண்ணு இருக்கு, இது குடும்பத்துக்குள்ள வர்ற சிக்கல். நம்ம வீட்டுப் பையன், கூடப் படிச்சவன், தம்பி முறை, நேத்து வரைக்கும் "டேய்"தான். பட்டம் குடுத்து முடிஞ்சதும் அவரோட உள்ளங்கை ரெண்டும் கிறிஸ்மா எண்ணெய் பூசின கையா இருக்கும், ஜனங்க வரிசையில வந்து அந்தக் கைய முத்தி செஞ்சு (முத்தம் குடுத்து) முதல் ஆசீர் வாங்குவாங்க, வரிசையில முதல்ல அப்பா அம்மாதான் நிப்பாங்க. காலையில "சாப்டியாடா"ன்னு கேட்ட அம்மா அந்த எடத்துல "சாமி"ன்னு முழங்கால் போடுறத பல ஊர்ல பாத்திருக்கேன், பாக்குற யாருக்கும் கண்ணு கலங்கும். அந்த அம்மாவே அப்படின்னா நாம என்ன. வீட்டுக்குள்ள சாப்பாட்டு மேசையில பேரச் சொல்லியோ மாப்ளன்னோ கூப்பிடுறது உங்க உரிமை, ஆனா அவரோட பங்கு மக்கள் முன்னாடி, கோயில் வளாகத்துல, ஃபாதர்னே கூப்பிடுங்க. அவரு அந்த ஊர்ல பாவசங்கீர்த்தனம் கேக்கணும், சண்டையில இருக்கிற ரெண்டு குடும்பத்த ஒக்கார வச்சுப் பேசணும், அவர வயசுல பெரியவங்க மதிக்கணும். பழைய பட்டப்பேரு சொல்லி சத்தமா கூப்பிட்டா அதுக்கெல்லாம் கஷ்டம் அவருக்குத்தான்.

குருமடத்துல படிக்கிறவங்க பிரதர். குருப்பட்டத்துக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி தியாக்கோன் பட்டம் வாங்குவாங்க, புதுத் தமிழ்ல திருத்தொண்டர், அப்ப டீக்கன்னு கூப்பிடலாம், ஃபாதர்னு அவசரப்பட வேணாம். பிரதர்ல இன்னொரு வகை இருக்கு, ஏற்காட்டுல மொன்ஃபோர்ட் ஸ்கூல் நடத்துற கபிரியேல் சபை மாதிரி, அவங்க வாழ்நாள் முழுக்க பிரதராவே இருக்கிறதா வார்த்தைப்பாடு குடுத்தவங்க. அவங்ககிட்ட போய் "எப்ப பிரதர் ஃபாதர் ஆவீங்க?"ன்னு கேக்காதீங்க, ஏதோ பாதியில நிக்கிற மாதிரி ஆகிடும், அது தனி அழைத்தல்.

சிஸ்டர்ஸ சிஸ்டர்னு கூப்பிடுங்க, மடத்துத் தலைவிய மதர். கன்னியாஸ்திரின்னு பேப்பர்ல எழுதலாம், முகத்துக்கு நேரா அப்படிக் கூப்பிடுறது சரியா இருக்காது. எழுத்துல அருட்சகோதரி.

ஆயர் வந்தா நேர்ல பிஷப்னு சொல்லலாம், மேடையில "ஆயர் அவர்களே", எழுத்துல "மேதகு", பேருக்குப் பின்னாடி "ஆண்டகை". மோதிரத்த முத்தி செய்றது பழைய பழக்கம், இன்னும் இருக்கு, கட்டாயமில்ல. அவரு கைய நீட்டினா செய்யுங்க, இல்லன்னா கும்பிட்டாலே போதும். முதன்மைகுருவ (விகார் ஜெனரல்) மறைமாவட்டத்துக்குள்ள எல்லாரும் "விஜி ஃபாதர்"னுதான் சொல்லுவாங்க, நீங்களும் சொல்லலாம். மான்சிஞ்ஞோர்னு பட்டம் உள்ள பெரிய குருக்களும் சில எடத்துல இருக்காங்க. 2014ல போப் பிரான்சிஸ் 65 வயசு தாண்டின மறைமாவட்ட குருக்களுக்கு மட்டும்தான் இனி அந்தப் பட்டம்னு சொல்லிட்டதால புதுசா கெடைக்கிறது கம்மி. அவங்களையும் ஃபாதர்னு கூப்பிட்டா தப்பே இல்ல.

"ஆயர்"ங்கிற எடத்துல ஜாக்கிரத

நெறைய பேரு தடுமாறுற எடம் இதுதான், அதனால கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். ஆர்சியில ஆயர்னா பிஷப், ஒரு மறைமாவட்டத்துக்கே தலைவரு. பேராயர்னா ஆர்ச்பிஷப், தமிழ்நாடு புதுச்சேரியில லத்தீன் முறையில சென்னை-மயிலை, மதுரை, புதுவை-கடலூர்னு மூணே மூணு எடத்துலதான் இருக்காங்க. ஆனா சிஎஸ்ஐல சென்னைப் பக்கம், வேலூர்ப் பக்கம் ஆயர்னா உங்க சபையில ஞாயித்துக்கிழமை ஆராதனை நடத்துறவரு, பேராயர்னா பிஷப், எல்லா பேராயருக்கும் மேல மாடரேட்டரா இருக்கிறவரு பிரதமப் பேராயர். அதாவது ஒரே வார்த்தை ரெண்டு பக்கத்துலயும் ஒரு படி தள்ளி நிக்குது.

இது எங்க இடிக்கும்னா எல்லா சபையும் சேந்து நடத்துற கிறிஸ்துமஸ் விழாவுல. நோட்டீஸ் அடிக்கிறவரு ஆர்சிக்காரரா இருந்தா "சிஎஸ்ஐ ஆயர்"னு பிஷப்புக்குப் போட்டுடுவாரு, பாக்குறவங்க அவர ஒரு சபையோட குருன்னு நெனைப்பாங்க. சிஎஸ்ஐக்காரரு அடிச்சா ஆர்சி பிஷப்ப பேராயர்னு போட்டு அவருக்கு இல்லாத பதவியக் குடுத்துடுவாரு. அதனால எந்த சபைப் பேரு எழுதுறீங்களோ அந்த சபை ஆளு ஒருத்தர்கிட்ட நோட்டீஸ காட்டிட்டு அப்புறம் பிரஸ்ஸுக்கு அனுப்புங்க. மேடையில பேசும்போது சந்தேகம் வந்தா பிஷப்புன்னு சொல்லிடுங்க, ரெண்டு பக்கமும் ஒரே அர்த்தம்தான்.

சிஎஸ்ஐ, லுத்தரன் கோயில்ல

திருநெல்வேலி, நாசரேத், கன்னியாகுமரிப் பக்கம் போனீங்கன்னா "ஐயர் வந்தாங்களா?"ன்னு கேப்பாங்க. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு நிமிஷம் கொழப்பமா இருக்கும், இங்க ஐயர்னா சபை குரு. போப் ஐயர், கால்டுவெல் ஐயர், ரேனியஸ் ஐயர்னு மிஷனரிமார சொன்ன அதே சொல்லு இன்னைக்கு வரைக்கும் ஓடுது. ஆனா இது அவரப் பத்தி அடுத்தவங்ககிட்ட பேசும்போது மட்டும். நேர்ல நின்னு பேசும்போது "ஐயா"தான், "ஐயரே"ன்னு யாரும் கூப்பிட மாட்டாங்க. இன்னொண்ணு, அங்க "ஐயா வந்தாரு, சொன்னாரு"ன்னு பேசினா கொஞ்சம் எறக்கிச் சொன்ன மாதிரி இருக்கும், "ஐயா வந்தாங்க, சொன்னாங்க"ன்னு சொல்லணும். மெட்ராஸ்லேர்ந்து போறவங்க இதக் காதுல போட்டுக்கோங்க.

பல சபைகள் சேந்த சேகரத்துக்குத் தலைவரா இருக்கிறவர சேகர குரு, சேகரத் தலைவர்னு சொல்லுவாங்க. சென்னையில வாலிபப் பசங்க பாஸ்டர்ங்கிறாங்க, பெரியவங்க ஆயர் ஐயாங்கிறாங்க, ரெண்டும் சரி. குருவானவர்னு எழுத்துல எல்லா எடத்துலயும் செல்லும். ஃபாதர்னு கூப்பிட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, ஆனா அது அவங்க வழக்கமில்ல. டிஇஎல்சிங்கிற தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை கோயில்லயும் ஐயாதான், அவங்க பிஷப் திருச்சியில இருந்தாலும் பட்டம் தரங்கை பேராயர். 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு எறங்கின தரங்கம்பாடிய விட்டுக்குடுக்காம பேருல வச்சிருக்காங்க, அங்க 1733லயே ஆரோன்னு நம்ம தமிழர் ஒருத்தர் குருப்பட்டம் வாங்கினாரு. அதனால லுத்தரன் விழாவுல பிஷப்ப வரவேற்கும்போது "திருச்சி பேராயர்"னு சொல்லிடாதீங்க.

குருவோட மனைவிய ஐயரம்மா, ஆயரம்மா, இல்லன்னா அம்மான்னு கூப்பிடுறது வழக்கம். குருமனைக்குப் போனா முதல்ல கதவு தெறக்கிறது பெரும்பாலும் அவங்கதான், பெண்கள் ஐக்கிய சங்கம் முழுக்க அவங்க கையிலதான் ஓடும், அதனால அந்தப் பேருக்கு அவங்களுக்கு முழுத் தகுதி உண்டு.

ஆனா இங்கதான் எனக்கு மனசுல பட்ட ஒண்ண அழுத்திச் சொல்லணும். சிஎஸ்ஐல பெண்களும் குருப்பட்டம் வாங்குறாங்க, 2013ல ஆந்திராவுல நந்தியால் டயோசிசுக்கு புஷ்பலலிதா அம்மா பிஷப்பாவே ஆனாங்க. அப்படி ஒரு பெண் குரு உங்க சபைக்கு மாறி வந்தா அவங்கள ஐயரம்மான்னு கூப்பிடாதீங்க, அது குருவோட மனைவிக்கு உள்ள பேரு. கேக்குறவங்க "ஐயா எங்கம்மா, வெளிய போயிருக்காங்களா?"ன்னு கேப்பாங்க, வருஷக்கணக்கா இறையியல் படிச்சு, பட்டம் வாங்கி, அங்கி போட்டு பலிபீடத்துக்குப் பின்னாடி நிக்கிறவங்க பக்கத்துல வேற ஒரு ஆம்பளையத் தேடுறது எவ்வளவு பெரிய அவமரியாதை. ரெவரண்ட் அம்மான்னு கூப்பிடலாம், பாஸ்டர்னு கூப்பிடலாம், குருவானவர்னு சொல்லலாம். எழுத்துல ஆம்பளைங்களுக்குப் போடுற அதே அருட்திருதான், வேற ஒண்ணும் தேட வேணாம். அவங்க வீட்டுக்காரர சார்னோ அண்ணன்னோ அவரு வேலைக்கும் வயசுக்கும் தக்கபடி கூப்பிட்டுக்கோங்க.

பெந்தெகொஸ்தே, பிரதரன், மத்தவங்க

பெந்தெகொஸ்தே சபையில பாஸ்டர், பாஸ்டர் ஐயா, மனைவி பாஸ்டரம்மா. உள்ள நுழைஞ்சதும் "ஸ்தோத்திரம் ஐயா" இல்லன்னா "ப்ரைஸ் த லார்ட் பாஸ்டர்". கூட ஊழியம் செய்றவங்க பிரதர், சிஸ்டர், கொஞ்சம் பழகிட்டா அண்ணன், அக்கா. சில தனி சபைகள்ல பிஷப், அப்போஸ்தலர், தீர்க்கதரிசின்னு போஸ்டர்ல பட்டம் இருக்கும். விருந்தாளியாப் போற உங்களுக்கு அது எல்லாம் பாடமாக வேண்டியதில்ல, பாஸ்டர்னு கூப்பிட்டா மரியாதை குறையாது.

பிரதரன் சபைக்குப் போனா நேர் எதிரு. அங்க பட்டமே கெடையாது, பிரசங்கம் பண்றவரும் பிரதர், பாய் விரிக்கிறவரும் பிரதர். காரணம் மத்தேயு 23ம் அதிகாரம், "பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்"னு ஆண்டவர் சொன்னத அப்படியே எடுத்துக்கிறாங்க. இதே வசனத்த வச்சு ஆர்சிக்காரங்கள மடக்குறவங்க உண்டு, அவங்க பதிலுக்கு பவுல் கொரிந்தியருக்கு எழுதினதக் காட்டுவாங்க, சுவிசேஷத்தினால உங்களப் பெத்தவன் நான்னு அவரு சொல்றாரேன்னு. என்னக் கேட்டா இந்த விவாதத்த அடுத்த வீட்டுக் கல்யாணத்துல, துக்க வீட்டுல நடத்தக் கூடாது. ஃபாதர்னு சொல்ல உங்க மனசாட்சி இடம் குடுக்கலன்னா "ஐயா"ன்னு சொல்லுங்க, எந்தக் குருவும் அத ஏத்துக்குவாரு, ஆனா ஆர்சி குருவ மத்தவங்க முன்னாடி வேணும்னே பிரதர்னு கூப்பிடுறது வசனத்துக்குக் கீழ்ப்படியறதுல சேராது, சண்டைக்கு இழுக்கிறதுல சேரும்.

இரட்சணிய சேனையில (சால்வேஷன் ஆர்மி) பட்டாளத்துப் பதவி மாதிரி கேப்டன், மேஜர்னு இருக்கும், நாகர்கோவில் பக்கம் நெறைய கேக்கலாம். புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருமே ஊழியத்துல பதவி உள்ளவங்க, அதனால அந்த அம்மாவையும் பதவியச் சொல்லியே கூப்பிடணும்.

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்து சிரியன் ஆர்சி கோயில்கள்ல, சென்னை கோயம்புத்தூர்ல இருக்கிற மலையாள சபைகள்ல குருவ அச்சன்னு சொல்லுவாங்க, கூப்பிடும்போது "அச்சா". ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா பிஷப்ப திருமேனின்னு சொல்லணும், அந்த சபைகள்ல அச்சனோட மனைவிய கொச்சம்மா. யாழ்ப்பாணப் பக்கம் சொந்தம் இருந்தா ஆர்சி குருவ "சுவாமி"ன்னு கூப்பிடுறதக் கேட்டிருப்பீங்க, பத்திரிகைகள்ல "வண. பிதா"ன்னு போடுவாங்க, அங்க போனா அதையே பின்பத்துங்க.

கல்யாணப் பத்திரிகை, கடிதம், மேடை

வாயால தப்பாச் சொன்னா மன்னிச்சுட்டுப் போயிடுவாங்க, அச்சுல வந்தது ஊர் முழுக்கப் போயிடும். ஆர்சி குருவுக்கு அருட்தந்தை இல்லன்னா அருள்பணி, துறவற சபையச் சேந்தவரா இருந்தா பேருக்குப் பின்னாடி அந்த சபையோட எழுத்து, இயேசு சபைன்னா சே.ச., சலேசியர்னா ச.ச. அத விட்டுடக் கூடாது. சிஎஸ்ஐ, லுத்தரன்னா அருட்திரு, மறைதிரு, பழைய ஆளுங்க கனம், சங்கைன்னும் போடுவாங்க, கடைசியில ஐயர் அவர்கள்னு முடியும். "அருட்தந்தை ஃபாதர்"னு ரெண்டையும் சேத்துப் போடாதீங்க, ஒரே விஷயம் ரெண்டு தடவ. ஓலை (கோயில்ல வாசிக்கிற கல்யாண அறிவிப்பு) வாசிக்கக் குடுக்கும்போதே பங்கு ஆபீஸ்ல குருவோட முழுப் பேர அவங்க எழுதுற மாதிரியே எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. பொண்ணு ஆர்சி, மாப்பிள்ளை சிஎஸ்ஐன்னா ரெண்டு குருவுக்கும் அவங்கவங்க சபை முறைப்படியே போடணும், ஒரே அடைமொழிய ரெண்டு பேருக்கும் ஒட்டக் கூடாது.

மேடையில வரவேற்கும்போது பிஷப் முதல்ல, அப்புறம் வெளியூர்லேர்ந்து வந்த குருக்கள், அப்புறம் நம்ம பங்கு குரு, அப்புறம் சிஸ்டர்ஸ், அப்புறம் உபதேசியார். உபதேசியார விட்டுடுறாங்க எல்லாரும். ஃபாதர் மாறிப் போவாரு, ஐயா மாறிப் போவாங்க, முப்பது வருஷமா அந்தக் கோயில் சாவிய வச்சிருக்கிறது அவருதான், அவரு பேரயும் சொல்லுங்க.

போன்லயும் இதேதான், ஒண்ணு மட்டும் கூட. குருக்களுக்கு நெறைய பேரு போன் பண்ணுவாங்க, "ஃபாதர் நான்தான்"னு ஆரம்பிச்சா அவருக்குத் தெரியாது. "வணக்கம் ஃபாதர், அந்தோணியார் அன்பியத்துலேர்ந்து பேசுறேன், தண்ணித்தொட்டி பக்கத்து வீடு"ன்னு அன்பியத்தையும் (பங்குல அக்கம்பக்கத்து வீடுங்க சேந்த குழு) வீட்டையும் சொல்லிட்டு விஷயத்துக்கு வாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்ல ஒருத்தர் சாகக் கெடக்கும்போது மட்டும் இந்த முறை எதுவும் பாக்காதீங்க. ஃபாதரோ சாமியோ ஐயாவோ பாஸ்டரோ வாயில எது வருதோ அதச் சொல்லி, வீடு எங்கன்னு தெளிவாச் சொல்லி, தெருமுனையில ஒரு ஆள டார்ச் லைட்டோட நிக்க வைங்க.